உள்ளே பதினோரு பேர்

"பத்து நிமிடத்தில் சிஸ்டம் அணையும். எல்லாரும் சேமித்துவிட்டு வெளியேறவும்" என்று எல்லாருடைய திரைக்கும் அனுப்பிவிட்டு, சிஸ்டத்துக்குள்ளே இன்னும் யார் யார் இருக்கிறார்கள் என்று தட்டிப் பார்த்தாள் புஷ்பவள்ளி. நான்கு பேர்.

பினாங்கு துறைமுகத்துக்கு எதிரே இருந்த அந்தக் கப்பல் ஏஜென்சியில், பெரிய கம்ப்யூட்டருக்கு இருபத்தெட்டு வருடமாக அவள்தான் காவல். இன்று அதற்கும் அவளுக்கும் கடைசி நாள். ஒரு மணிக்குப் புது சிஸ்டம் கம்பெனியிலிருந்து ஹாஃபிஸ் வந்து அதைக் கழற்றிக்கொண்டு போவான். "நேரத்துக்கு அணைக்கலேன்னா வயரைப் பிடுங்கிடுவேன் லா, அக்கா" என்று காலையிலேயே போனில் மிரட்டியிருந்தான்.

உள்ளே ஒரு ஆள் வேலை செய்துகொண்டிருக்க, அவள் ஒருநாளும் அதை அணைத்ததில்லை. கடைசி நாளிலா அந்தப் பேர் கெட வேண்டும்?

"மோகனா, சிஸ்டத்தை விட்டு வெளிய வா!" என்று அடுத்த அறைக்குக் குரல் கொடுத்தாள்.

"கண்டெய்னர் லிஸ்ட் பாதியில நிக்குது அக்கா. இன்னொரு பத்து நிமிஷம் லா."

போகட்டும் என்று அணைப்பதை நிறுத்திவைத்து இன்னொரு பத்து நிமிடம் கொடுத்தாள். பார்த்தால், ஏழு பேர்.

"இர்வான்! நீ இப்பத்தானே வெளிய போனே?"

"ஒரு கப்பல் பேரைத் தப்பா போட்டுட்டேன் அக்கா."

"எந்தக் கப்பல்?"

"அது... நீளமான கப்பல்."

முன்பெல்லாம் இப்படியா? சனிக்கிழமை மதியம் இவள் எச்சரிக்கை அனுப்பினால் போதும், "புஷ்பா, இரு இரு!" என்று மாடியிலிருந்து பத்துக் குரல் விழும். பிரிண்டர் கடகடவென்று கடைசித் தாளைத் துப்பும். ஒவ்வொரு பேராகத் திரையிலிருந்து மறையும். பிறகு மெஷினின் விசிறிச் சத்தம் இறங்கி இறங்கி அடங்க, அதுவரை காதில் விழாத கப்பல் சங்கு அறைக்குள் வரும். அந்த ஒரு நிமிடத்துக்காகவே அவள் கடைசி ஆளாகக் கிளம்புவாள்.

இனி யாரும் புதிதாக நுழைய முடியாதபடி சிஸ்டத்தைப் பூட்டினாள். இருந்த ஏழு பேரும் அசையவில்லை.

"வெளிய வந்தா மறுபடி உள்ள விடமாட்டீங்களே அக்கா, அதான்" என்றாள் மோகனா.

அதுவும் நியாயம்தான் என்று பூட்டைத் திறந்தாள். பதினோரு பேர்! பதினோராவது பேரைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டாள்.

"பாஸ், நீங்களுமா? அணைக்கச் சொன்னதே நீங்கதானே!"

முதலாளி சுகுமாரன் கதவிடுக்கில் தலையை நீட்டினார். "பாஸ்வேர்ட் ஞாபகம் இருக்கான்னு பார்த்தேன் புஷ்பா. இருக்கு. இன்னொரு பத்து நிமிஷம் கொடேன்."

"இத்தனை வருஷத்துல ஒருநாள் எட்டிப் பார்த்திருப்பீங்களா?"

தலை உள்ளே போய்விட்டது.

மணி ஒன்று. ஹாஃபிஸ் தள்ளுவண்டியோடு வந்து, நேராகச் சுவரோரம் குனிந்தான். புஷ்பவள்ளி ஓடிப்போய்ப் பிளக்கை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"தொடாதே தம்பி! பதினோரு பேர் உள்ள வேலை செய்றாங்க!"

ஹாஃபிஸ் நிமிர்ந்து திரையைப் பார்த்தான். சிரித்தான்.

"என்ன வேலை அக்கா? ஆஃபீஸ் மொத்தத்தையும் நேத்து ராத்திரியே புது சிஸ்டத்துக்கு மாத்திட்டேன்; இதை அணைச்சா நீங்க ஒரேயடியா வீட்டுக்குப் போயிடுவீங்கன்னு, அவங்கதான் முறை போட்டு உள்ள சும்மா உக்காந்திருக்காங்க!"