இருதயராஜின் பந்தயப் பத்தியம்

விளக்கெண்ணெய் வேலை செய்யத் தொடங்கியபோது பந்தயத்துக்கு இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. இருதயராஜ் கொல்லைக்கும் வீட்டுக்குமாக நடந்த நடைக்கு, அன்றைக்கே ஆம்பூர் ஸ்டேஷனைத் தொட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாம்.

"வயித்த சுத்தம் பண்ணாத ஓடினா கால் எழும்பாதுன்னு மேஸ்திரி சொன்னாரு," என்றான் மனைவி ஞானசுந்தரியிடம், சுவரைப் பிடித்தபடி.

"இப்ப நீயே எழும்பல."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழிக்குள் நின்று தோல் புரட்டியே அவன் கால்கள் வெந்துபோயிருந்தன. விரலிடுக்குப் புண் ஆறுவதே இல்லை. வாசல் காவலாளி ஜான் பாஷா பேரணாம்பட்டுக்கு மகன் வீட்டோடு போகப்போகிறார். ஷாப்புத் துரை ஆட்களைப் பாலாற்று மணலில் ஓடவிட்டுப் பார்த்துத்தான் அடுத்த காவலாளி யாரென்று சொல்வாராம். திருடனைத் துரத்துகிற வேலை, முதலில் வருகிறவனுக்குத்தானே கொடுப்பார்கள்? உட்கார்ந்தபடியே வாசலைப் பார்க்கிற அந்தக் காவல் நாற்காலி தவறிப்போனால் கால் இனி உதவாது. அவனுக்குப் பயமாக இருந்தது.

தள்ளாடிக்கொண்டே ஷாப்பு வாசலுக்குப் போனான்.

"பாய், உடம்புல தெம்பே இல்ல. இன்னா துன்னலாம்?"

"பாயா குடி. ஆட்டுக்கால் சத்து நேரா காலுக்கு எறங்கும்," என்றார் ஜான் பாஷா.

ஒரு சட்டி குடித்தான். சத்து காலுக்கு இறங்கவில்லை, நெஞ்சுக்கு ஏறியது. எரிச்சல் தாங்காமல் கூட வேலை செய்யும் ரத்தினசாமியைக் கேட்டான். அவன் உப்புப் போட்ட மோர் குடிக்கச் சொன்னான். மோர் குடித்ததும் வயிறு மத்தளமாகிவிட்டது.

மறுநாள் காலையில் மேஸ்திரி வேறு பிடித்துக்கொண்டார். "ஓடறப்ப ஒரு சொட்டு தண்ணி குடிக்காத. ஈரல் வீங்கிடும்."

சித்திரை வெயில். மணல் கொதித்தது. பாதி தூரத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, கெண்டைக்கால் சுருட்டி இழுத்தது. கூட ஓடத் தொடங்கிய ரத்தினசாமி கரையோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா பேஜாரு? கொஞ்சம் ஒக்காரு," என்றான்.

"ஒக்கார்றதுக்குத்தான்டா ஓட்றேன்," என்று சொல்லிவிட்டு இருதயராஜ் காலை இழுத்துக்கொண்டு போனான்.

மற்றவர்களெல்லாம் வழியில் வாந்தியெடுத்துப் படுத்துவிட்டார்கள். இவன் வயிற்றில் வெளியே வர ஒன்றும் மிச்சமில்லை, அதனால் முதலில் வந்தான். மாதாவே என்று கும்பிட்டு அழுதான். துரை கைதட்டினார், மேஸ்திரி மாலை போட்டார்.

"இருதயராஜு, துரைக்கு ரொம்ப சந்தோஷம். நாளையிலருந்து புதுசா வெட்டின பெரிய குழி ரெண்டுலயும் நீதான்."

"காவல் வேல?"

"அது ரத்தினசாமிக்கு."

இருதயராஜ் மாலையோடு போய் ஜான் பாஷாவின் காலடியில் சரிந்தான்.

"பாய், முதல்ல வந்தவன் நான். மரத்தடியில குந்தினு இருந்தவனுக்கு வேலயா? இன்னா அநியாயம் இது?"

ஜான் பாஷா அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"குழிக்குத் தெம்பான ஆளு யாருன்னு பாக்கத்தான்பா ஓட வுடறாங்க, போன துரை காலத்துல நானும் கடைசியா வந்துதான் இந்த நாற்காலியப் புடிச்சேன், நீ எங்கிட்ட இன்னா துன்றதுன்னுதான கேட்ட?"