கஸ்டமர் கேர் பேசறேன் மேடம்

அன்று காலை புரூஃப் சார் சவரம் செய்துகொண்டது ஷேவிங் கிரீமால் அல்ல. கண்ணில் சோப்பு போன அவசரத்தில், குளியலறைப் பலகையில் கைக்கு அகப்பட்டதைப் பிதுக்கிக் கன்னமெல்லாம் பூசிக்கொண்டார். நுரை வரவில்லை. வாசனை மட்டும் ஆளைத் தூக்கியது. பிளேடை வைத்தால் அது சறுக்குமரத்தில் விட்ட குழந்தை மாதிரி காதிலிருந்து தாடைக்கு வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு முடி வெட்டுப்படவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு டப்பாவைப் பார்த்தார். 'வறண்ட, பரட்டையான, அடங்காத கூந்தலுக்கு' என்று போட்டிருந்தது.

இரண்டு நாள் தாடி பட்டுப்போல அடங்கியிருந்தது. போகத்தான் இல்லை.

"ஏம்மா! என் ஷேவிங் கிரீம் எங்க?"

"ஜன்னல் மேல பாருங்க," என்று சமையலறையிலிருந்து சம்சாரத்தின் குரல் வந்தது.

"பிரஷ்?"

"வாளிக்குப் பின்னால."

"மூஞ்சிக்குத் தடவுற லோஷன்?"

"அது செருப்பு அலமாரியில இருக்கு."

"செருப்பு அலமாரியிலயா? நான் என்ன காலையா ஷேவ் பண்றேன்?"

"பலகையில இடமில்லைங்க. நான் என்ன பண்ணட்டும்?"

இடமில்லைதான். மூன்று தட்டுப் பலகை. குடிவந்த புதிதில் மேல் தட்டு அவருக்கு என்று ஒப்பந்தம். இப்போது மூன்றிலும் பாட்டில்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன. சுருட்டை முடிக்கு ஒரு ஷாம்பு, அந்த ஷாம்பு செய்த கெடுதலைச் சரிசெய்ய ஒரு கண்டிஷனர், கழுவக்கூடாத கண்டிஷனர் ஒன்று, கழுவியே தீரவேண்டிய மாஸ்க் ஒன்று, மழைக்கு ஒரு சீரம், வெயிலுக்கு ஒரு சீரம்.

அதற்காகக் குற்றமெல்லாம் அந்த அம்மாள் மேல் என்று சொன்னால் பாவம் வரும். அந்த முடி அப்படி. காலையில் படிய வாரிக்கொண்டு கிளம்புவாள். வானத்தில் ஒரு மேகம் வந்தால் போதும், ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக எழுந்து என்ன விஷயம் என்று விசாரிக்கும். மழை நாளில் ஆட்டோவில் ஏறினால் முதலில் அவள் ஏறுவாள், அப்புறம் முடி ஏறும். அவள் வேலை செய்வது மூக்குக்கண்ணாடிக் கடையில். எதிரே உட்காருகிறவர்களுக்குக் கண் பரிசோதிப்பது அவள் வேலை. ஒருநாள் ஒரு பெரியவர், "அம்மா, எழுத்தெல்லாம் நல்லாத் தெரியுது, உங்க தலையைச் சுத்தித்தான் புகையாத் தெரியுது," என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. மறுநாள் பலகையில் இரண்டு புதுப் பாட்டில் ஏறியது.

இதெல்லாம் புரூஃப் சாருக்குத் தெரியாததல்ல. ஆனால் அவர் கஷ்டம் வேறு. அவர் லேபிள் அச்சடிக்கும் அச்சகத்தில் புரூஃப், அதாவது பிழை, பார்க்கிறவர். வீட்டில் தவிர மற்ற எல்லா இடத்திலும் பிழை கண்டுபிடிக்கிறவர் என்று அச்சக முதலாளி சொல்வதுண்டு. 'கூந்தலின் உயிர்நாயைத் தொடும்' என்று ஒரு கம்பெனி எழுதி அனுப்பியதில் நாயை நாடியாக்கியவரே அவர்தான். உள்ளே இருப்பது எதுவாயிருந்தாலும் வெளியே ஒட்டுவது காகிதம் என்று அவருக்குத் தெரியும். சொன்னால் சம்சாரம் நம்பவேண்டுமே!

தாடியைத் தடவிக்கொண்டே அவர் ஒரு சபதம் செய்தார். ஏதாவது ஒரு குப்பையைப் பாட்டிலில் அடைத்து, பிரமாதமான லேபிள் ஒட்டிக் கொடுப்பது. அவள் ஆகா ஓகோ என்பாள். அப்போது உண்மையை உடைப்பது. அவள் வெட்கித் தலைகுனிவாள். பலகை காலியாகும். மேல் தட்டு கைக்கு வரும்.

என்ன குப்பை என்பதுதான் கேள்வி. சம்சாரம் கடையிலிருந்து திரும்பாத ஒரு சாயங்காலம் ஃப்ரிட்ஜைத் திறந்தார். வெண்டைக்காய் கண்ணில் பட்டது. உலகத்தில் அவருக்கு ஆகாத ஒரே காய். அந்த வழவழப்பை நினைத்தாலே குமட்டும். இதைவிடக் கேவலமாக எதைத் தலையில் தடவமுடியும்? நறுக்கினார், வேகவைத்தார், பழைய பனியனில் வடிகட்டினார். கோந்து மாதிரி இறங்கியது. அவளுடைய சென்டிலேயே நாலு சொட்டு விட்டார். ஒரு காலிப் பாட்டிலில் ஊற்றி, மூடி திருகி ஆபீஸ் பைக்குள் வைப்பதற்கும் அவள் வருவதற்கும் சரியாக இருந்தது.

"ஏங்க, வெண்டைக்காய் வச்சிருந்தேனே?"

"சாப்பிட்டுட்டேன்."

"அரைக்கிலோவையுமா? பச்சையாவா?"

"பசிச்சுது."

"வெண்டைக்காய்னா மூஞ்சியைத் திருப்பிக்குவீங்களே!"

"அது வந்து... அப்படின்னும் இல்ல, இப்படின்னும் இல்ல. மனுஷன் மாறக்கூடாதா?"

"கேட்டதுக்கு ஒழுங்காப் பதில் சொல்லுங்களேன். ஏன் வழவழா கொழகொழான்னு பேசறீங்க?"

புரூஃப் சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பையை மார்போடு அணைத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போய்விட்டார்.

மறுநாள் லேபிள். கூந்தலுக்கு அளகம் என்றும் ஒரு பெயர் உண்டே, 'அளகமோகினி' என்று பெயர் வைத்தார். 'அடங்காத கூந்தலுக்கு அன்பான ஆணை' என்று கீழே ஒரு வரி. தங்க நிறத்தில் ஒரு கொடி. அத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் தொழில் புத்தி விடுமா? தயாரித்த தேதி இல்லாமல் ஒரு லேபிள் அவர் கையைவிட்டுப் போனதில்லை. போட்டார். 'வெளி உபயோகத்துக்கு மட்டும்' போட்டார். கடைசியில் 'கஸ்டமர் கேர்' என்று வந்து நின்றார். அந்த இடம் காலியாக இருப்பது அவர் கண்ணுக்குப் பல் போன வாய் மாதிரி இருந்தது. மனதில் தோன்றிய நம்பரைப் போட்டால் யாரோ ஒரு அப்பாவிக்குப் போன் போகும். ஆகவே தன் பழைய நம்பரையே போட்டுவிட்டார். அந்தப் பழைய போன், கூரியர்காரர்கள் கூப்பிடுவதற்காக அச்சகத்து மேஜை டிராயரில் கிடந்தது. கஸ்டமர் கேர் நம்பரை இதுவரை எந்தப் பிறவி படித்திருக்கிறது?

"புதுக் கம்பெனி. லேபிள் நாங்கதான் அடிக்கிறோம். சாம்பிள் கொடுத்தாங்க," என்று நீட்டினார்.

சம்சாரம் வாங்கிப் பார்த்தாள். பொடி எழுத்து படிப்பதுதானே அவள் பிழைப்பு? மேலிருந்து கீழ்வரை படித்தாள். கடைசி வரியில் கொஞ்சம் நின்றாள். அப்புறம் பாட்டிலை விளக்குக்கு நேரே தூக்கி ஆட்டிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கும் போலிருக்குங்க," என்றாள்.

நல்லாத்தான் இருந்தது! அதுதான் அவர் எதிர்பாராதது. இரண்டு முறை தடவியதும் அந்த முடி அடங்கியது. மூன்றாவது முறை பளபளத்தது. மழை பெய்தது, அவள் ஆட்டோவில் ஏறியபோது முடியும் கூடவே ஏறியது. எதிர்வீட்டு டெய்லரக்கா வந்து தொட்டுப் பார்த்து, "ஏய், என்னடி போட்ட? எனக்கும் ஒரு பாட்டில் வாங்கிக் கொடுடி," என்றாள். டெய்லரக்காவின் முடி இன்னொரு அடங்காப்பிடாரி.

எல்லாம் லேபிளின் மகிமை என்று புரூஃப் சார் மனதுக்குள் சிரித்துக்கொண்டார். இன்னும் நாலு பாட்டில் 'சாம்பிள்' கொண்டுவந்தார். சாயங்காலமானால் மார்க்கெட்டில் வெண்டைக்காயை முனை ஒடித்துப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை டெய்லரக்காவையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு போட்டு உடைப்பது என்று நாள் குறித்தார்.

வெள்ளிக்கிழமை, அச்சகத்தில் டிராயருக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். சம்சாரத்தின் நம்பர். கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு தொண்டையை அடித்தளத்துக்கு இறக்கினார்.

"அளகமோகினி. கஸ்டமர் கேர் பேசறேன் மேடம்."

"உங்களுக்கு ஜலதோஷமா சார்?"

"ஏ.சி. மேடம்."

"உங்க சீரம் பிரமாதம் சார். ஒரு சந்தேகம். இதை ஆம்பளைங்க போடலாமா? எங்க வீட்டுக்காரருக்கு முன்பக்கம் முடியே இல்ல."

"முன்பக்கம் கொஞ்சம் இருக்கு மேடம்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பொதுவா... எல்லா வீட்டுக்காரருக்கும் கொஞ்சம் இருக்கும்னு எங்க ஆராய்ச்சியில..."

"ஓ! அவர் நல்ல மனுஷர்தான் சார். பாட்டிலைக் கண்டாத்தான் வாள்வாள்னு கத்துவார்."

"அவருக்கும் ஒரு நியாயம் இருக்கும் மேடம்."

"நீங்க ஏன் சார் அவருக்குப் பரிஞ்சு பேசறீங்க? சரி, விஷயத்துக்கு வரேன். இருக்கிற பாட்டிலையெல்லாம் என் தங்கச்சிக்குக் கொடுத்துட்டு, உங்க சீரம் ஒண்ணே போதும்னு இருந்துடலாமான்னு பார்க்கறேன். பலகை மொத்தமும் காலியாயிடும்."

புரூஃப் சார் நாற்காலியைவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"கொடுத்துடுங்க மேடம்! இன்னைக்கே கொடுத்துடுங்க!"

"கொடுத்தப்புறம் நீங்க கம்பெனியை மூடிட்டா?"

"மூடவே மாட்டோம் மேடம்."

"வாழ்நாள் பூரா சப்ளை பண்ணுவீங்களா?"

"வாழ்நாள் பூரா, மேடம்."

"எங்க எதிர்வீட்டு டெய்லரக்காவுக்கும்?"

"அவங்களுக்கும்."

"எங்க கடையில கூட வேலை பாக்கிறவங்களுக்கு?"

முதலாளி கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தார். "எல்லாருக்கும் மேடம். கம்பெனி வாக்கு மேடம்," என்று படபடவென்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனால், மெய்யாகவே பலகை துடைத்து வைத்தாற்போல் இருந்தது. இரண்டே இரண்டு அளகமோகினி மட்டும் கீழ்த் தட்டு மூலையில் அடக்கமாக நின்றன. புரூஃப் சாருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஜன்னலிலிருந்து கிரீமையும், வாளிக்குப் பின்னாலிருந்து பிரஷையும், செருப்பு அலமாரியிலிருந்து லோஷனையும் அழைத்துவந்து மேல் தட்டில் இடைவெளி விட்டு உட்காரவைத்தார். தள்ளி நின்று பார்த்தார். மறுபடி வந்து லோஷனைக் கொஞ்சம் நகர்த்தினார்.

அத்தோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் புத்திசாலி. ஆனால் ஜெயித்தது ஜெயிக்கப்பட்டவளுக்குத் தெரியவில்லை என்றால் அது என்ன ஜெயம்? ஞாயிற்றுக்கிழமை காலை டெய்லரக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்தின் நடுவே நின்றார்.

"இது என்ன தெரியுமா?"

"சீரம்," என்றாள் சம்சாரம்.

"சீரமாவது மண்ணாவது! வெண்டைக்காய்! வெறும் வெண்டைக்காய்த் தண்ணி! லேபிளைப் பார்த்து மயங்கினீங்களே, இரண்டு பேரும்!"

யாரும் வெட்கித் தலைகுனியவில்லை. டெய்லரக்கா கொட்டாவி விட்டாள்.

"இதைச் சொல்லத்தானா கூப்பிட்டீங்க? இவளுக்கு முதல் நாளே தெரியுமே, என்கிட்டயும் சொல்லிட்டா."

"முதல் நாளேயா?"

"பாட்டில்ல பனியன் நூல் மிதந்துச்சுங்க," என்றாள் சம்சாரம். "அப்புறம் அந்த நம்பர்."

"என்ன நம்பர்?"

"கல்யாணம் நிச்சயமான நாள்லேர்ந்து நான் கூப்பிட்ட நம்பர் எனக்கு மறக்குமா? அப்பவும் நீங்க இப்படித்தான். எங்கண்ணன் போனை எடுத்தா கைக்குட்டையை வாயில வச்சுக்கிட்டு, 'பேங்க்லேர்ந்து பேசறேன் சார்'னுவீங்க. குரல்கூட மாறலை."

புரூஃப் சாருக்குக் கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. இத்தனை வருஷமும் அவள் அந்த நம்பரை மனதில் வைத்திருக்கிறாள் என்பதில் நெஞ்சு இளகிப்போய்விட்டது. இளகின குரலிலேயே கேட்டார்.

"அப்ப ஏம்மா அன்னைக்கே சொல்லலை?"

"சொல்லியிருந்தா ரெண்டாவது பாட்டில் வந்திருக்குமா? முடி அடங்குதுங்க. எத்தனை பாட்டில் மாத்திப் பார்த்தேன், எதுக்கும் அடங்கலை. நீங்க பண்ணினதுக்கு அடங்கிடுச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு, தெரியுமா?"

புரூஃப் சார் பாட்டிலைப் பார்த்தார். அதற்குள் சம்சாரம் போனை எடுத்து ஒரு பொத்தானை அமுக்கினாள். ஜலதோஷம் பிடித்த ஒரு குரல் கூடமெல்லாம் கேட்டது. "வாழ்நாள் பூரா, மேடம். அவங்களுக்கும். எல்லாருக்கும் மேடம். கம்பெனி வாக்கு மேடம்."

டெய்லரக்கா சோபாவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெரிய பையை இழுத்து முன்னால் வைத்தாள். "இவ கடையில இருக்கிறவங்களுக்கும் சேர்த்துத்தான். எல்லாம் இளசு. முனை ஒடிச்சுப் பார்த்து வாங்கினேன்."

"அந்தப் பலகை..." என்று ஆரம்பித்தார் புரூஃப் சார்.

"அது உங்க பலகைதாங்க. நான் ஒரு பாட்டில் வைக்கமாட்டேன். உங்க கம்பெனி ஸ்டாக் வைக்கவே மூணு தட்டும் பத்தாது," என்றாள் சம்சாரம்.

அடுத்த ஞாயிறு. லோஷன் பழையபடி செருப்பு அலமாரிக்குப் போய்விட்டது. புரூஃப் சார் வெண்டைக்காயைப் பனியனில் பிழிந்துகொண்டிருந்தார். சட்டைப் பையில் பழைய போன் அடித்தது. குளியலறையிலிருந்துதான்.

"கஸ்டமர் கேரா? போன பாட்டில்லயும் நூல் இருந்துச்சு சார். இந்தத் தடவை துவைச்ச பனியனா எடுத்துக்கச் சொல்லுங்க."

புரூஃப் சார் இரண்டு கையும் வழவழவென்றிருக்க, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, தொண்டையை அடித்தளத்துக்கு இறக்கினார்.

"சொல்லிடறேன் மேடம்."