ரோண்டாவின் பரீட்சையும் என் வாயும்

அன்புத் தங்கை ஓப்பலுக்கு, அண்ணன் பர்லி சொல்லிக்கொள்வது. இங்கே என் இடுப்பைத் தவிர மற்றதெல்லாம் சுகம். டேட்டனில் நீயும், நான் பேர் சொல்லாத உன் வீட்டுக்காரரும், சர்க்கரை ஏறாமல் பனியில் வழுக்காமல் இருக்க ஆண்டவர் அருளட்டும். நான் பேசப் பேச ரோண்டாவின் போன் இதை எழுதிக்கொள்கிறது. எழுதியது சரியா என்று பார்க்க எனக்கு வழியில்லை. எனக்கு எழுத்து வாசிக்க வராது என்பது உலகத்தில் உனக்கும் என் மகள் ரோண்டாவுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. இப்போது அந்தச் சங்கதிதான் அவள் கழுத்துக்குக் கத்தியாக வந்து நிற்கிறது.

தான் வேலை பார்த்த கோழி ஆலையை மூடிய பிறகு ரோண்டா, நாற்பத்தாறு வயதில், இரண்டு வருஷக் கல்லூரியில் ஆன்லைன் வழியாகக் குற்றவியல் நீதி படிக்கிறாள். கடைசிப் பரீட்சை தேறினால் கவுண்டி சிறையில் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். எங்கள் பள்ளத்தில் சிக்னல் கிடையாது, அதனால் ஊரில் எல்லாரையும் போல நூலக வைஃபை எட்டும் வாசலில் டிரக்கை நிறுத்தி அதற்குள்தான் படிப்பும் பரீட்சையும். இடுப்பு ஒடிந்த என்னைத் தனியே விட முடியாமல் பக்கத்து சீட்டில் உட்கார வைக்கக் கல்லூரியில் முன்கூட்டியே அனுமதியும் வாங்கினாள், நான் வாய் திறக்கக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை, நானும் இரண்டு மணி நேரம் வாயில் பெப்பர்மின்ட் மிட்டாயைப் போட்டுக்கொண்டு கல்லாகத்தான் இருந்தேன், ஆனால் முப்பத்தோராவது கேள்விக்கு ஒரு படம் போட்டிருந்தான் பார், ரோட்டோரம் ஒரு டிரக், கதவைத் திறந்து குனிந்து நிற்கும் ஒரு டெபுடி போலீஸ், அப்படியே எழுபத்து நாலாம் வருஷம் அக்டோபர் பன்னிரண்டு, சனிக்கிழமை, கேனி பாலத்துக்கு இந்தப் பக்கம், என் தீவன மூட்டைக்கு அடியில் பதினெட்டு ஜாடி பீச் சாராயத்தை அப்போது டெபுடியாக இருந்த உன் புருஷன் லெஸ்டர் தோண்டி எடுத்தது போலவே. அறுபது நாள் உள்ளே இருந்தேன். கோர்ட்டில் வாரண்ட் வாங்காமல் என் வண்டியைத் தொட்டது அநியாயம் என்று அன்றிலிருந்து இன்றுவரை சொல்லி வருகிறேன். அதனால்தானே உன் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. படத்தைப் பார்த்ததும் மிட்டாய் எங்கே போனதோ, "வாரண்ட் வேணும்டா திருட்டுப் பயலே" என்று கத்திவிட்டேன்.

பரீட்சையைக் காவல் காக்கும் கேமரா இன்னொரு குரல் கேட்டதாகக் கல்லூரிக்குச் சொல்லிவிட்டது. நான் கேள்வியைப் படித்துப் பதில் சொல்லிக்கொடுத்தேனாம். குற்றம் உறுதியானால் படிப்பும் போச்சு, வேலையும் போச்சு. நீ என்ன பதில் போட்டாய் என்று ரோண்டாவைக் கேட்டால், "ஞாபகமே இல்லப்பா, நீ கத்துனதுல எல்லாம் பறந்துபோச்சு" என்கிறாள். பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "உனக்குப் படிக்கத் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுப்பா. அது போதும்."

சொல்லலாம்தான். ஆனால் விசாரணைக் குழுவில் இருப்பது யார் தெரியுமா, நம் சபையின் வாண்டா கூம்ஸ். முப்பது வருஷமாக ஞாயிறுதோறும் நான் பைபிளை விரித்து, வரிமேல் விரலை ஓட்டிச் சங்கீத வசனம் வாசிப்பதை முன் பெஞ்சில் உட்கார்ந்து கேட்பவள். எல்லாம் அம்மா சொல்லக் கேட்டுப் பிடித்த மனப்பாடம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ரோண்டா சொன்னதற்கு, "பர்லி அண்ணனா கைநாட்டு? அவரு விரல் ஒரு வரி தப்பி நான் பாத்ததில்ல" என்றாளாம். நான் காட்டிய பகட்டு என் மகளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டது. இரண்டாம் வகுப்போடு நான் பள்ளியைவிட்டு ஓடியதைக் கண்ட உயிரோடிருக்கும் சாட்சி நீ ஒருத்திதான். வியாழன் காலை பத்து மணிக்கு வீடியோவில் வந்து சொல்லிவிடு. லெஸ்டரை மட்டும் அந்தப் பக்கம் வரவிடாதே, அவர் முகத்தைப் பார்த்தால் என் வாய் மறுபடியும் திறந்துகொள்ளும்.

உன் கைக்கும் காலுக்கும் ஆண்டவர் பலம் தரட்டும்.

உன் அண்ணன்,
பர்லி

பின்குறிப்பு: நீ வர வேண்டாம். ரோண்டா இதை அனுப்புவதற்குள் விசாரணையை இன்றைக்கே வைத்துவிட்டார்கள். ஐந்து பேர் முகம் திரையில். நான் தொப்பியைக் கழற்றி, எனக்கு எழுத்து தெரியாது என்று சொன்னேன். வாண்டா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அப்புறம், "ஒரு தடவ புத்தகம் தலைகீழா இருந்துச்சுண்ணே. பழக்கத்துல அப்படியும் படிக்க வருது போலன்னு நெனச்சேன்" என்றாள். அதற்குப் பிறகுதான், ஓப்பல், அந்தப் பாவிகள் ஒலியைப் போட்டுக் கேட்டார்கள். நான் வாரண்ட் வேண்டும் என்று கத்தியிருக்கிறேன், என் மகள் வேண்டாம் என்று குறித்திருக்கிறாள். அவள் சரி, நான் தப்பு. நான் சொன்ன தப்பான பதிலைக் காப்பியடித்துச் சரியாகக் குறித்தாள் என்று எவன் சொல்ல முடியும், விட்டுவிட்டார்கள். வீடு ஓடாது, வாரண்ட் வாங்கி வரலாம், வண்டி அதற்குள் ஓடிவிடும், அதனால் சாராய வாடை வந்தாலே டெபுடி வண்டியைச் சோதனை போடலாமாம், அதுதான் சட்டமாம். லெஸ்டர் என்னைப் பிடித்த அன்றைக்கு ஒரு ஜாடி கசிந்துகொண்டிருந்தது. இதை லெஸ்டருக்கு வாசித்துக் காட்டாதே. ஞாயிற்றுக்கிழமை நானே வந்து சொல்கிறேன், ரோண்டா ஓட்டி வருவாள். வண்டியை மோந்து பார்க்க வேண்டாம் என்று மட்டும் மாப்பிள்ளையிடம் சொல்லி வை.