தோல்விக்கு ஒரு சிரிப்பு

கண்ணாடியில் தெரிந்த ஆள் யாரையோ கொல்லப் போகிறான்.

"இன்னும் கொஞ்சம் அன்பா சிரிங்க" என்றாள் மனைவி.

வில்லன் இன்னும் கொஞ்சம் அன்பாகச் சிரித்தார். இப்போது கண்ணாடியில் தெரிந்த ஆள் ஒரு குடும்பத்தையே கொல்லப் போகிறான்.

"வேணாம். பழசே பரவாயில்ல."

அவரை எல்லோரும் வில்லன் என்றுதான் கூப்பிட்டார்கள். கூரியர்காரர்கூட உறையில் இருக்கும் பெயரைப் படிக்காமல், "வில்லன் சார் வீடு இதுதானே?" என்பார். படத்துக்குப் படம் கதாநாயகியைக் கடத்தி, கடைசிக் காட்சியில் மலையிலிருந்து விழுந்து சாகிறவர். வீட்டில் பல்லியைப் பார்த்தால் நாற்காலி மேல் ஏறி நின்று மனைவியைக் கூப்பிடுகிறவர். அவர் லிஃப்டில் ஏறினால் உள்ளே இருக்கும் குழந்தைகள் இறங்கிவிடும். மகள் படித்த பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்கு ஒரே ஒரு முறை போயிருக்கிறார். அன்று கணக்கு டீச்சர் தானாகவே ஆறு மார்க் கூட்டிப் போட்டுவிட்டார்.

சிக்கல் போன வருடத்து விருது விழாவில் ஆரம்பித்தது. சிறந்த வில்லன் விருதுக்குப் போட்டியில் ஐந்து பேர். பெயரை அறிவிக்கும்போது ஐந்து பேர் முகத்தையும் ஐந்து கட்டம் கட்டித் திரையில் காட்டுவார்கள். ஜெயித்தவர் துள்ளி எழ வேண்டும். மற்ற நான்கு பேரும், 'இவருக்குக் கிடைத்தால் எனக்குக் கிடைத்த மாதிரி' என்று ஒரு சிரிப்பைச் சிரித்துவைக்க வேண்டும். நம்மவரும் மனதாரத்தான் சிரித்தார். மறுநாள் அவருடைய கட்டத்தை மட்டும் வெட்டியெடுத்து ஊரே பகிர்ந்துகொண்டது. 'பரிசு வாங்கியவர் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தாரா?' என்று கீழே ஒரு வரி. பரிசு வாங்கியவர் அதற்குப் பிறகு ஒரு வாரம் தனியாக வெளியே போகவில்லை என்று கேள்வி.

இந்த வருடமும் அவர் ஐவரில் ஒருவர். ஜெயிக்கப்போவது வேறொருவர் என்பது அரங்கில் நாற்காலி துடைப்பவருக்குக்கூடத் தெரியும். விருது போனால் போகட்டும். வில்லனின் கவலை வேறு.

போன வாரம் ஒரு பெரிய இயக்குநர் தானே கூப்பிட்டிருந்தார்.

"அடுத்த படத்துல ஒரு அப்பா வேஷம் இருக்கு. மூணு பொண்ணுங்களுக்கு அப்பா. பாசமான மனுஷன். பொண்ணுங்களுக்காக என்ன வேணாலும் செய்வார். உங்களைத்தான் மனசுல வெச்சிருக்கேன். விழா அன்னிக்கு டி.வி.யில உங்க முகத்தையே பார்த்துக்கிட்டிருப்பேன். பார்த்துட்டு முடிவு சொல்றேன்."

அப்பா வேஷம்! யாரையும் கடத்த வேண்டாம். கடைசிக் காட்சியில் கீழே விழ வேண்டாம். 'சாப்பிட்டியாம்மா?' என்று கேட்டால் போதும், சம்பளம் வந்துவிடும். அன்றே குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, "சாப்பிட்டியாம்மா?" என்று பத்து விதமாகச் சொல்லிப் பார்த்தார்.

"அப்பா, வெளியில வா. பயமா இருக்கு" என்றாள் மகள்.

ஆகவே இந்த வருடம் தோற்கும்போது ஒரு பாசமான அப்பா தோற்கிற மாதிரி சிரித்தாக வேண்டும். அதற்குத்தான் இந்தக் கண்ணாடிப் பயிற்சி.

"மனசுக்குப் பிடிச்சவங்களை நெனச்சுக்கிட்டுச் சிரிங்க" என்றாள் மனைவி.

"உன்னை நெனச்சுக்கிட்டுத்தான் சிரிச்சேன்."

அன்று முழுக்க அவள் அவரோடு பேசவில்லை.

மகள் வேறு காரணம் கண்டுபிடித்தாள். "சிரிப்பு ஓகேதான்பா. புருவம்தான் பிரச்சினை. தேங்காய் நாரை ஒட்டி வெச்ச மாதிரி இருக்கு. நான் சரி பண்றேன்."

சரி பண்ணினாள். இடது புருவத்தில் இரண்டு முடி கூடுதலாகப் போய்விட்டது. அதைச் சமன் செய்ய வலது புருவத்தில் நான்கு. அதைச் சமன் செய்ய மறுபடியும் இடது. கடைசியில் ஒரு புருவம் மட்டும் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. இப்போது அவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே, 'நீ சொல்றது பொய்யின்னு எனக்குத் தெரியும்' என்பது போல இருந்தது. பால் பாக்கெட் போடுகிறவர் கேட்காமலே மீதிச் சில்லறையைத் திருப்பிக் கொடுத்தார்.

மேனேஜர் வந்து பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அண்ணே, இதையெல்லாம் வீட்டுல வெச்சுச் செய்வாங்களா? கிளம்புங்க, டாக்டர்கிட்ட போலாம்."

தோல் டாக்டர் வில்லனின் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "உதட்டோரம் ரெண்டும் கீழ இழுத்துக்கிட்டிருக்கு. இழுக்கிற தசைக்கு ஒரு ஊசி போட்டா ஓரம் தானா மேல ஏறிடும். எப்பவும் சிரிச்ச முகம்."

"வலிக்குமா?" என்றார் வில்லன்.

"எத்தனை பேரைக் குத்தியிருக்கீங்க, நீங்க கேக்கலாமா இதை?"

ஊசி போட்டதும் டாக்டர் ஆசையாகக் கைபேசியை எடுத்து, "ஒரு செல்ஃபி சார்" என்றார். வில்லன் சிரித்தார். டாக்டர் கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டார். "மருந்து வேலை செய்யட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்."

மருந்து வேலை செய்தது. விழாவுக்கு முந்தைய நாள் காலையில் வில்லன் எழுந்தபோது உதட்டில் ஒரு சிரிப்பு இருந்தது. கைக்குழந்தை தூக்கத்தில் சிரிக்குமே, அந்தச் சிரிப்பு.

"கல்யாண ஆல்பத்துலகூட நீங்க இப்படி இல்லைங்க" என்று மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். லிஃப்டில் ஒரு குழந்தை இறங்காமல் நின்றது. பாதி கடித்த பிஸ்கட்டையும் நீட்டியது.

மத்தியானம் குளியலறைக் குழாய் உடைந்து கீழ்வீட்டுக் கூரை ஒழுகியது. கீழ்வீட்டுக்காரர் ஈரச் சட்டையோடு மேலே வந்தார்.

"வீடு பூராத் தண்ணி சார்! மெத்தை, கம்ப்யூட்டர் எல்லாம் போச்சு!"

"ரொம்ப வருத்தமா இருக்குங்க" என்றார் வில்லன், சிரித்துக்கொண்டே.

"நான் அழுதுக்கிட்டிருக்கேன், உங்களுக்குச் சிரிப்பா இருக்கா?"

"சத்தியமா இல்லைங்க" என்றார் வில்லன், சிரித்துக்கொண்டே.

கதவைச் சாத்திவிட்டு டாக்டருக்குப் போன் போட்டார். "இதை எப்படி இறக்குறது?"

"அது ஏன் இறக்கணும்? மூணு மாசத்துல தானா இறங்கிடும்."

வில்லன் பக்கத்தில் நின்ற மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கொஞ்சமும் அசரவில்லை. "விழாவுல போய்ச் சிரிக்கத்தானே போறோம்? அதை ஏன்ணே இறக்கணும்னு துடிக்கிறீங்க?"

நியாயமாகத்தான் இருந்தது.

விழாவும் நன்றாகத்தான் போயிற்று. ஐந்து கட்டம் வந்தது. வேறொருவர் பெயரை அறிவித்தார்கள். வில்லன் தோற்றார். அப்படி ஒரு அழகான தோல்வியை அந்த அரங்கம் பார்த்ததில்லை. ஜெயித்தவரே ஒரு கணம் நின்று வில்லனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் மேடை ஏறினார். பின்வரிசையிலிருந்து மேனேஜர் குனிந்து, "அண்ணே, அப்பா வேஷம் கையில" என்றார். வில்லன் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

அப்போதுதான் விளக்குகள் மங்கின. தொகுப்பாளினி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த கலைஞர்களுக்கு நம் கண்ணீர் அஞ்சலி."

பெரிய திரையில் பாதி இறந்தவர் படம், பாதி அரங்கில் இருப்பவர்கள் முகம். சற்று முன் வில்லனின் சிரிப்பில் சொக்கிப்போன கேமராக்காரர் இன்னும் அங்கிருந்து நகரவில்லை. முதலில் ஒரு பழைய பாடகியின் படம் வந்தது. பக்கத்தில், பதினைந்தடி உயரத்துக்கு, வில்லன் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மூஞ்சி!" என்று கிசுகிசுத்தார் மேனேஜர்.

"நான் என்னடா பண்றது!"

"மூடுங்க!"

வில்லன் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பு கண்ணில் தெரிந்தது. தூக்கி நின்ற புருவமும் சேர்ந்துகொள்ள, பரீட்சை ஹாலில் சிரிப்பை அடக்கும் மாணவன் போல இருந்தார்.

"அய்யோ, இது அதைவிடக் கேவலமா இருக்கு. கையை எடுங்க, குனிஞ்சுக்குங்க!"

குனிந்தார். பதற்றத்தில் தோள் குலுங்கியது. முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பி முறைத்தார்கள்.

அடுத்த படம் சண்டைப் பயிற்சியாளருடையது. வில்லன் நிமிர்ந்தார். மலையிலிருந்து எலும்பு முறியாமல் விழுவது எப்படி என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஒவ்வொரு முறை விழுந்து எழுந்ததும் முதலில் ஓடிவந்து, "அடிபட்டுச்சாப்பா?" என்று கேட்டவர். படப்பிடிப்பில் அவரை வில்லன் என்று கூப்பிடாத ஒரே ஆள்.

வில்லனுக்கு நிஜமாகவே கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர் கொட்டியது. உதடு மட்டும் டாக்டர் தூக்கி வைத்த இடத்திலேயே இருந்தது. பெரிய திரையில் பார்த்தவர்களுக்கு அது, 'இந்த நாளுக்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன்' என்கிற ஆனந்தக் கண்ணீர். தாங்க முடியாமல் மரியாதைக்காக எழுந்து நின்றார். ஏதோ சந்தோஷ செய்தி என்று நினைத்து மூலையில் ஒருவர் கைதட்டினார்.

மறுநாள் காலை மனைவி செய்தித்தாளை மெத்தைக்கு அடியில் ஒளித்துவைத்தாள். மகள் கைபேசியைப் பார்த்துவிட்டுக் கவிழ்த்துவைத்தாள்.

"எவ்வளவு பேர் பார்த்திருக்காங்க?" என்று கேட்டார் வில்லன்.

"அப்பா, போன வருஷமே பரவாயில்லப்பா."

மேனேஜர் மூலையில் உட்கார்ந்து வேறு வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது வில்லனின் கைபேசி அடித்தது. இயக்குநரின் உதவியாளர். மேனேஜர் பாய்ந்து ஸ்பீக்கரைப் போட்டார்.

"தம்பி, நேத்து நடந்தது வேணும்னு பண்ணது இல்ல" என்று ஆரம்பித்தார் வில்லன். "ஒரு ஊசி..."

"சார், சார், முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. டைரக்டர் அந்த அஞ்சலியப் பார்த்துட்டு சோஃபாவுலேர்ந்து எழுந்தே நின்னுட்டார். 'இவர்தான்யா அப்பா'ன்னு கத்துறார். வேஷம் உங்களுக்குத்தான்!"

மனைவி பக்கத்தில் கிடைத்த மேனேஜரின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மகள் ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். வில்லன் சிரித்தார். வேறு வழியும் இல்லை.

"சாப்பிட்டியாம்மா?" என்றார் மகளிடம். முதன்முறையாக அது பயமுறுத்தவில்லை.

"ஒரே ஒரு கண்டிஷன் சார்" என்றது கைபேசி. "கண்ணுல தண்ணி, உதட்டுல சிரிப்பு, நேத்து இருந்தது அப்படியே வேணும். ஒவ்வொரு சாவு வீட்டுலயும் அதே முகத்தோட நிக்கிறீங்க."

மனைவி கண்ணீரைத் துடைத்துக்கொண்டு கைபேசியிடம் குனிந்தாள். "ஏன் தம்பி, பாசமான அப்பான்னுதானே சொன்னீங்க? சாவு வீட்டுல அவர் எதுக்குச் சிரிக்கணும்?"

"என்னம்மா இப்படிக் கேக்குறீங்க, மூணு மாப்பிள்ளைங்களையும் கொன்னுட்டுக் கடைசியில மலையிலேர்ந்து விழுறதே அப்பாதானே!"