சீர்வரிசையில் வந்த காசித் தீர்த்தம்

ஜிகினாத்தாள் சுற்றிய எந்தப் பெட்டியையும் நம் உறவுக்காரர்கள் பரிசு என்றுதான் நினைப்பார்கள். இவ்வளவு சின்ன விஷயம் தெரியாமலே நான் முப்பது வயதுவரை வளர்ந்துவிட்டேன்.

அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து, திண்டிவனத்தில் வீட்டிலேயே டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக ஒரு பை மருந்துத் தண்ணீரை உள்ளே விட வேண்டும். சில மணி நேரம் கழித்து அதை வடித்துவிட்டுப் புதுப் பையை ஏற்ற வேண்டும். கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, முகக்கவசம் போட்டு, சோப்பால் கை கழுவிய பிறகுதான் பையைத் தொடலாம். நர்ஸ் சொல்லிக்கொடுத்தபோது நானும் கூட இருந்தேன். அன்றிலிருந்து என்னை நானே பாதி டாக்டராக நியமித்துக்கொண்டேன். (மீதிப் பாதியும் நான்தான் என்பது அக்கா வீட்டுக்காரரான மாமாவின் புகார்.)

அக்கா மகள் யாழினிக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் நான், விழுப்புரத்திலிருந்து சீர் கொண்டுபோக வேண்டும். அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அன்னிக்கி ஒரு நாளு எல்லாரும் கொழந்தையப் பாக்கட்டும்டா. என் வயித்தப் பாத்து அய்யோ பாவம்னு சொல்லிக்கினு இருக்க வேணாம்.”

உறவில் பலருக்கு விஷயமே தெரியாது. மருந்துப் பைகள் அடங்கிய பெட்டிகளை விழுப்புரத்தில் வாங்கிப் போவது என் வேலை. அன்றைக்கு வேண்டியதும் அதே வேனில் வந்தாக வேண்டும். யாரும் கேள்வி கேட்காமலிருக்க, அந்தப் பெட்டிக்குப் பளபளவென்று ஜிகினாத்தாள் சுற்றினேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் வேன் மாட்டித் தாமதமாகிவிட்டது. பிள்ளையார் கோயிலிலிருந்து மேளத்தோடு ஊர்வலம் அவசரமாகக் கிளம்பியது. கழுத்தில் மாலையோடு நான் முன்னால் நடந்தேன். பின்னால் பூங்காவனம் அத்தை சீர்த்தட்டுகளை எண்ணிப் பார்த்திருக்கிறார். இரட்டைப்படை! சீரில் அது கூடவே கூடாது. வேனுக்குள் எட்டிப் பார்த்தவர், ஜிகினாப் பெட்டியை எடுத்து மஞ்சள் குங்குமம் வைத்து, ஒரு பெண்ணின் தலையில் ஏற்றி ஒற்றைப்படை ஆக்கிவிட்டார். மாலை போட்ட மாமனுக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

மண்டபத்தில் அக்கா பை மாற்றும் நேரம் வந்தது. வேனுக்கு ஓடினேன். பெட்டியைக் காணோம். சீட்டுக்கு அடியில் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருக்கும்போது மைக் அலறியது.

“அடுத்ததா தாய்மாமன் சீரு, பெரிய பெட்டி! பிரிங்கம்மா, இன்னான்னு பாப்போம்!”

நான் போய்ச் சேர்வதற்குள் அத்தை ஒரு பையை உறையோடு தூக்கிப் பிடித்திருந்தார்.

“இன்னாடா ரவி இது? இம்மாந் தண்ணி?”

மண்டபமே பார்த்தது. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

“காசித் தீர்த்தம் அத்தை!”

அத்தை பையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “ஜல்தியா ஒரு கத்திரி குடுங்கடி, கொழந்த தலயில தெளிக்கலாம்!”

“கைய கழுவாம தொடாதீங்க!” என்று நான் போட்ட கூச்சலில் மேளக்காரரே வாசிப்பை நிறுத்திவிட்டார்.

அக்கா எழுந்து வந்து மைக்கை வாங்கினாள். “தீர்த்தம்லாம் இல்ல. எனக்குக் கிட்னி போயிடுச்சி. இத ஏத்திக்கினுதான் நான் நடமாடிக்கினு இருக்கறேன். மாத்திக்கினு வந்துடறேன், அப்பறம் காது குத்தலாம்.” ஒரு மூலையில் ‘அய்யோ பாவம்’ ஆரம்பித்தது. “பாவப்படறவங்க அப்பறமா படுங்க. மொதல்ல எல்லாரும் காப்பி குடிங்க.”

மண்டபம் சிரித்தது. எனக்குத்தான் அழுகை வந்தது.

அறைக்குள் நாங்கள் இருவரும் மட்டும். பையை மாட்டிவிட்டு, “மன்னிச்சிடுக்கா” என்றேன்.

“காசிக்கு எப்படா போன நீ? செஞ்சி பஸ்ஸுலயே வாந்தி எடுப்பியே.” முகக்கவசத்துக்கு மேலே அவள் கண்கள் சிரித்தன. “சிரிக்க வைக்காதடா, வயிறு வலிக்குது.”

வெளியே அத்தையின் குரல். “ஃபேன நிறுத்துங்க! எல்லாரும் கைய கழுவுங்க!” மண்டபத்தின் மொத்த மின்விசிறிகளையும் நிறுத்தி, வந்த கூட்டத்தை வியர்வையில் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். பிறகு என் மடியில் யாழினி போட்ட அலறலில் ஒருவருக்கும் அக்காவின் வயிறு நினைவுக்கு வரவில்லை. அக்கா கேட்டது அவளுக்குக் கிடைத்தது.

அவள் காத்திருந்த மாற்றுச் சிறுநீரகம் மட்டும் கிடைக்கவில்லை. அக்கா இப்போது இல்லை. புழுங்கும் அந்த அறையும், பை இறங்கும்வரை நாங்கள் சிரித்த சிரிப்பும் இன்னொரு தடவை கிடைக்காதா என்று ஏங்குகிறேன். எங்கள் வீட்டில் யார் தண்ணீர் கேட்டாலும் “காசித் தீர்த்தமா?” என்ற கேள்வி வராமல் இருக்காது.

போன மாதம் யாழினிக்கு மஞ்சள் நீராட்டு. அத்தை தட்டுகளை எண்ணினார். மறுபடியும் இரட்டைப்படை. யாழினிதான் கேட்டாள், “மாமா, தீர்த்தம் எடுத்தாரலியா?”

அத்தை சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பரணில் கிடந்த அக்காவின் காலிப் பெட்டி ஒன்றுக்கு ஜிகினாத்தாள் சுற்றி, இந்தத் தடவை நானே தலையில் வைத்துக்கொண்டேன்.

“டேய், கைய கழுவினியாடா?” என்றார் அத்தை.

கழுவியிருந்தேன். சோப்பு போட்டு, நர்ஸ் சொல்லிக்கொடுத்த மாதிரியே.