பூசை வாங்கிய வாடகைக் கார்

வெளிநாட்டில் வாடகைக் கார் எடுப்பவர்களில் இரண்டு வகை உண்டு. கையெழுத்துப் போடும் முன் காகிதத்தைப் படிப்பவர்கள் ஒரு வகை. இன்னொரு வகை நான். (படித்திருந்தாலும் புரிந்திருக்காது. அது பிரெஞ்சில் இருந்தது.)

மொரீசியஸ் சுதந்திரம் அடைவதற்கு ஓரிரு வருஷம் முந்திய கதை இது. திருச்சியிலிருந்து புறப்பட்டுக் கப்பலேறி வந்து, போர்ட் லூயியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்கு இருந்தேன். தலை நிறைய எண்ணெய், சட்டைப் பையில் சீப்பு, மனசு முழுக்க தேவகி. தைப்பூசக் காவடியன்று கோயில் வாசலில் பால்குடத்தோடு நின்றவளைப் பார்த்ததோடு சரி, அப்புறம் யாருக்கு என்ன துணி கிழித்துக் கொடுத்தேன் என்று எனக்கே தெரியாது. சட்டைத்துணி கேட்ட ஒருவருக்குப் பாவாடைத் துணியைக் கட்டிக் கொடுத்துத் திட்டு வாங்கினேன். இந்தப் பெண் கிடைக்காவிட்டால் அடுத்த கப்பலில் ஊருக்கே திரும்பிவிடுவது என்று முடிவும் கட்டியிருந்தேன்.

அவள் ஊர் தெற்கே செமின் கிரனியே. அப்பா சின்னசாமிக்குக் கொஞ்சம் கரும்பு நிலமும், அறுவடைக் காலத்தில் வாடகைக்கு விடுகிற ஒரு லாரியும் உண்டு. அந்த லாரிக்கு வாடகை பேசுவது, ரசீது எழுதுவது, பணம் வசூலிப்பது எல்லாம் தேவகிதான். (இதை என் காதில் போட்டார்கள். நான்தான் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டேன், மடையன்.)

பெண் பார்க்கும் ஏற்பாட்டைச் செய்தது எங்கள் கடை மேனேஜர் அம்பலவாணர். பெரிய மனுஷர், பெரிய வாய்.

"பஸ்ல போய் எறங்கினா எவன்டா பொண்ணு குடுப்பான்? கார்ல போவோம். நீதான் ஊர்ல மாமா வண்டிய ஓட்டிப் பழகியிருக்கியே!"

கார் வாடகைக்கு விடுகிறவர் முசே மார்செல். அவருடைய முன்னோர்கள் புதுச்சேரியிலிருந்து வந்த தச்சர்களாம். அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. கோபம் வந்தால் மட்டும் "ஆயோ!" என்பார். (இந்தத் தீவில் அது எல்லார் வாயிலும் வரும், சீனக் கடைக்காரர் உட்பட.) மாலை ஆறு மணிக்குள் வண்டி வந்துவிட வேண்டும், இத்தனை மைலுக்கு மேல் போனால் மைலுக்கு இவ்வளவு, வண்டிக்கு என்ன ஆனாலும் என் தலையில் என்று அவர் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் விளக்க விளக்க, நான் "உய், உய்" என்று ஆமாம் போட்டுத் தலையாட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். என் கண் முழுக்க அந்த நீல நிறக் காரின் மேல் இருந்தது. அப்போதுதான் வாங்கியது போலப் பளபளவென்று இருந்தது. அந்தப் பளபளப்புதான் வினையாய் வந்தது.

கியூர்ப்பிப்பில் வழக்கம்போல மழை. அதைத் தாண்டி இறங்கினால் இரண்டு பக்கமும் கரும்பு, சுள்ளென்று வெயில். நான் ராஜா மாதிரி ஓட்டிக்கொண்டு போய்ச் சின்னசாமி வீட்டு வாசலில் நிறுத்தினேன். மல்யுத்தக்காரர் போல உடம்பு அவருக்கு. அவர் என்னைப் பார்க்கவில்லை, காரைத்தான் பார்த்தார்.

"பொந்தியே! ழோலி லோத்தோ! தம்பி, கார் யாரோட?" (கடவுளே, அழகான கார் என்று கிரியோலில் வியந்தார். லோத்தோ என்றால் கார்.)

நான் வாயைத் திறப்பதற்குள் அம்பலவாணர் முந்திக்கொண்டார். "எல்லாம் மாப்பிள்ளையோடதுதான். வேற யாரோடது!"

அவர் தொடையைக் கிள்ளினேன். அவர் என் தொடையை அதைவிடப் பலமாகக் கிள்ளினார்.

"புது காரு! பூசை போட்டாச்சா?"

"இன்னும் இல்லீங்க" என்றார் அம்பலவாணர். பாவி! போட்டாச்சு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்?

"ஆயோ, பூசை இல்லாம ஓட்டுது! அல்லே, அல்லே!" என்று சின்னசாமி கூப்பிட்டதுதான் தாமதம், தெருவே திரண்டு வந்துவிட்டது. ஒருத்தர் சந்தனத்தைக் குழைத்து எடுத்து வந்தார். பொட்டு வைப்பார் என்று பார்த்தால், முன்பக்கம் பூராவும் பட்டை பட்டையாக இழுத்துவிட்டார். அதன் மேல் குங்குமம். இரண்டு வாழைக்கன்றுகளைக் கதவுக் கைப்பிடியில் தேங்காய்நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். கயிறு உராய்ந்த ஒவ்வொரு தடவையும் நான் துடித்து ஓடிப்போய்க் கதவைத் தடவிப் பார்த்தேன். "போதுங்க, போதுங்க" என்றேன். "தம்பிக்கு ரொம்ப அடக்கம்" என்று எல்லோரும் மெச்சினார்கள்.

சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. சின்னசாமி தேங்காயைக் கையில் எடுத்தார். நல்ல வேளை, காருக்கு முன்னால் கிடந்த கல்லின் மேல்தான் உடைத்தார். ஆனால் அவர் உடைத்த வேகத்தில் பாதி மூடி எகிறி வந்து முன்விளக்கில் விழுந்தது. சிலீர்!

"நல்ல சகுனம்!" என்று கத்தினார் அம்பலவாணர். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அதோடு விட்டார்களா? பூசை போட்ட கார் கோயிலைச் சுற்ற வேண்டுமாம். உள்ளூர்க் கோயில் போதாதாம், கடலோரமாக இருக்கிற இன்னும் இரண்டு கோயிலுக்கும் போக வேண்டுமாம். காருக்குள் எத்தனை பேர் ஏறினார்கள் என்று கேட்காதீர்கள். என் மடியில்கூட ஒருவர் உட்கார்ந்திருந்த ஞாபகம். எல்லோரும் சன்னிதியைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நான் மைல் மீட்டரைப் பார்த்துக் கும்பிட்டேன்.

திரும்பி வந்ததும் வாழை இலையில் ஏழு கறியோடு சாப்பாடு. ஒரு வாய் இறங்கவில்லை. வனிலா டீ கொண்டுவந்து வைத்த தேவகி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கோயில் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவள், அதனால் புத்தகம் பேசுவது போலப் பேசுவாள்.

"தங்களுக்கு உடம்பு சரியில்லையா? தேங்காய் உடைத்தபோதிலிருந்து வியர்க்கிறதே."

என்ன அழகான தமிழ்! அந்த நிமிஷத்தில் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று துடித்தேன். அதற்குள் வாசலில் ஒரு ஓலம் கேட்டது.

"ஆயோ! மோ லோத்தோ!"

என் கார் என்று அலறியது முசே மார்செலேதான். சாயங்காலக் கல்யாணம் ஒன்றுக்கு யாரோ காரை அவசரமாகக் கேட்க, எங்கள் கடையில் விசாரித்துக்கொண்டு மச்சான் வண்டியில் என்னைத் தேடி வந்திருக்கிறார். சந்தனத்தைத் தொட்டார், உடைந்த விளக்கைத் தடவினார், வாழைக்கன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு பேனாவையும் நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தையும் எடுத்து, காரின் கூரை மேலேயே வைத்துக் கணக்கெழுதி, எல்லார் காதிலும் விழும்படி வாசித்தார். நாள் வாடகை, கூடுதல் மைல், உடைந்த விளக்கு, புதுப் பெயின்ட், கல்யாண வாடகை போன நஷ்டம். மொத்தத்தைக் கேட்டபோது என் நான்கு மாதச் சம்பளம் காலி என்று தெரிந்தது.

சின்னசாமி மெதுவாக என் பக்கம் திரும்பினார். அம்பலவாணரைக் காணோம். (கொல்லையில் பலாமரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தாராம்.)

"சா லோத்தோ லா பூ கிசான்லா?" என்று கேட்டார் சின்னசாமி. இந்தக் கார் யாருடையது? கோபத்தில் அவருக்கு இருந்த கொஞ்சத் தமிழும் போய்விட்டது.

"என்னுது இல்லைங்க" என்றேன். "ஒரு நாள் வாடகைக்கு எடுத்தது. எனக்கு சைக்கிள்கூடக் கிடையாது. காவடியன்னிக்கு உங்க பொண்ணப் பாத்தேன். பஸ்ல வந்தா குடுக்கமாட்டீங்கன்னு பயந்துட்டேன்." கூட்டத்தில் பாதிப் பேருக்கு என் தமிழ் புரியவில்லை. புரிந்தவர்கள் புரியாதவர்களுக்குச் சொல்லச் சொல்ல, என் மானம் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கப்பலேறியது.

அப்போதுதான் தேவகி படியிறங்கி வந்தாள். மார்செல் கையிலிருந்த காகிதத்தை வாங்கினாள். அதற்கப்புறம் நடந்தது முழுக்கக் கிரியோல். கடையில் நின்று நானும் சண்டை போடும் அளவுக்குக் கிரியோல் கற்றிருந்தேன்.

"வண்டியைக் கொடுக்கும்போது மீட்டர் எவ்வளவு என்று இதில் எழுதினீர்களா?"

மார்செல் காகிதத்தை எட்டிப் பார்த்தார்.

"எழுதவில்லை. அப்படியானால் கூடுதல் மைல் எத்தனை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் லாரிக்கு எழுதாமல் விட்டால் ஒருத்தன் ஒரு காசு தருவானா? அடித்துவிடுங்கள். ஆறு மணி வரைக்கும் வண்டி இவருடையது, இப்போது மணி நாலு. அதனால் கல்யாண நஷ்டமும் கிடையாது. சந்தனத்துக்கு எதற்குப் பெயின்ட்? தண்ணீர் போதும்."

தெருவே வாளியோடு ஓடி வந்து கழுவியது. கார் முன்னைவிடப் பளபளத்தது. மார்செல் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்து, விளக்கில் வந்து பேனாவை ஊன்றிக்கொண்டார்.

"விளக்கு உடைந்தது உண்மை. அதற்குக் கொடுத்தே ஆகவேண்டும்" என்றாள். அவள் அப்பா பக்கம் திரும்பினாள். "பாப்பா, உடைத்தது நீங்கள்." (அங்கே அப்பாவைப் பாப்பா என்பார்கள்.)

தெரு கொல்லென்று சிரித்தது. சின்னசாமி முறைத்தார், உறுமினார், கடைசியில் இடுப்பிலிருந்து பணத்தை எடுத்து எண்ணாமலே மார்செல் கையில் திணித்தார். கார் போய்விட்டது. நானும் பலாமரத்திலிருந்து திரும்பிய அம்பலவாணரும் கரும்பு லாரியின் பின்னால் நின்றுகொண்டு ஊர் திரும்பினோம். பட்டு வேட்டி பூராவும் கரும்புத்தோகை. அவ்வளவுதான், எல்லாம் போச்சு என்று வழியெல்லாம் வாய்விட்டு அழுதேன். அம்பலவாணர் மழைதான் என்று லாரிக்காரரிடம் சமாளித்தார்.

மறு வாரம் சின்னசாமி பஸ் ஏறிக் கடைக்கே வந்தார். "பொண்ணு உங்களத்தான் கேக்குது, தம்பி. என்ன செய்ய!" என்றார், அந்தக் கொஞ்சத் தமிழில். கடை நடுவில் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, எப்படிச் சம்மதித்தாய் என்று தேவகியிடம் கேட்டேன். "வாடகை வண்டி என்று வாழைக்கன்று கட்டும்போதே தெரியும். சொந்தக்காரன் கயிற்றுக்கெல்லாம் அப்படித் துடிக்கமாட்டான். நீங்களே வாயைத் திறந்து சொல்கிறீர்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றாள்.

மாமனார் போய் ரொம்ப நாளாகிவிட்டது. அவர் கேட்ட கேள்வி மட்டும் போகவில்லை. எங்கள் வீட்டில் பெண் எடுக்க வருகிற எந்த மாப்பிள்ளையானாலும் வாசலிலேயே நிறுத்தி, "சா லோத்தோ லா பூ கிசான்லா?" என்று கேட்போம். "என்னுது இல்லை" என்று சொன்னால்தான் ஆரத்தி. போன மாதம் பேத்தியைக் கட்ட வந்த பையன் விவரம் தெரியாதவன். சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய கார், பாவம். "என்னுதுதான் பாட்டி, வேணும்னா பேப்பரக் காட்டறேன்" என்று மன்றாடினான்.

தேவகி ஆரத்தித் தட்டைச் சுற்றவே இல்லை. "சும்மா சொல்லப்பா" என்றாள். "இந்த வீட்டில் அதைச் சொன்னவருக்குத்தான் நான் கழுத்தை நீட்டினேன்."