வீட்டுக்காரியின் கோட்டு

நீலத் துணி மறுபடியும் வெட்டுமேசையிலிருந்து கீழே இறங்கியது.

"மாஸ்டர், இந்த பேண்ட்ல ரெண்டு விரக்கடை மட்டும் குறைச்சுக் குடுத்துடுங்க. சாயங்காலம் ஆபீஸ்ல மீட்டிங்," என்றார் வாசலில் நின்றவர்.

"உள்ள வாங்க சார், அஞ்சு நிமிஷ வேலை," என்றார் தையல்காரர்.

அவர் அஞ்சு நிமிஷ வேலை என்று சொன்ன எதுவும் ஐந்து நிமிடத்தில் முடிந்ததில்லை. முடிவதற்குள் இன்னொருவர் வந்து நிற்பார்.

நீலத் துணி அவருடைய மனைவிக்குக் கோட்டு தைக்க வாங்கியது. நல்ல கெட்டிக் கம்பளி. போன குளிர்காலத்துக்கே தைத்திருக்க வேண்டும். அதற்கு முந்தின குளிர்காலத்துக்கே தைத்திருக்கலாம். கடைக்கு வருகிற மற்ற துணிகளுக்கெல்லாம் ஒரு தேதி இருந்தது, "ஆச்சா?" என்று கேட்க ஒரு வாயும் இருந்தது. இந்தத் துணிக்கு இரண்டும் இல்லை. அதனால் அது மேசைக்கு ஏறுவதும் கீழ்த்தட்டுக்கு இறங்குவதுமாகவே காலம் தள்ளியது.

அவர் சோம்பேறி அல்லர். அந்தக் கடைத்தெருவில் அவரைப் போல உழைக்கிறவர் கிடையாது. சொந்த வேலை என்று வந்தால் மட்டும் கையில் விளக்கெண்ணெய் தடவினாற்போல வழுக்கிவிடும்.

மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒன்றாம் தேதியிலிருந்து காலை ஷிப்ட். விடிவதற்கு முன்பே பஸ் நிறுத்தத்தில் போய் நிற்க வேண்டும். பழைய கோட்டின் உள்துணி கிழிந்து, காற்று ஒரு கை வழியாக நுழைந்து மறு கை வழியாக வெளியேறியது. இருமல் ஏற்கெனவே வந்து குடியேறிவிட்டது.

"என்னங்க, முடியலைன்னா சொல்லிடுங்க. ஒரு ரெடிமேட் வாங்கிக்கறேன்," என்றாள் அவள்.

"தையல்காரன் பொண்டாட்டி ரெடிமேட் போட்டுட்டுப் போனா பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

"தையல்காரன் பொண்டாட்டி குளிர்ல விறைச்சு நின்னா என்ன சொல்லுவாங்க?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் அவரும் பதிலுக்குக் கோபித்துக்கொண்டு தப்பித்திருப்பார். சிரிப்பிடமிருந்து தப்ப வழியில்லை. 'கடவுளே, எனக்குக் கொஞ்சம் ஒழுங்கைக் குடு' என்று மனதார வேண்டிக்கொண்டார். கடவுள் ஒழுங்கைப் பொட்டலம் கட்டி அனுப்புவதில்லை. ஆனால் ஒரு யோசனை வந்தது.

தினமும் ஒரு மணி நேரம் முன்னதாகக் கடையைத் திறப்பது. அந்த ஒரு மணி நேரம் நீலத் துணிக்கு மட்டும்.

மறுநாள் ஷட்டரைத் தூக்கி, துணியை விரித்து, சாக்பீஸைக் கையில் எடுத்தார்.

"அட, மாஸ்டர்! இப்பல்லாம் சீக்கிரமே தொறந்துடறீங்களா? ரொம்ப நல்லதாப் போச்சு," என்று நடைப்பயிற்சிக்குப் போன ஒருவர் உள்ளே வந்தார். "வேலைக்குப் போறவங்களுக்கு இந்த நேரந்தான் வசதி. நாலு பேர்கிட்ட நானே சொல்லிடறேன்."

சொல்லியும்விட்டார். நல்ல மனிதர்கள் சொன்ன சொல் தவறுவதில்லை. வாரம் முடிவதற்குள் அந்த ஒரு மணி நேரம்தான் கடையில் அதிகக் கூட்டம் கூடும் நேரமாக மாறியது.

சரி, ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து தைப்போம் என்று முடிவு செய்தார். 'இன்று விடுமுறை' என்று ஓர் அட்டையும் தொங்கவிட்டார். அவர் விடுமுறை எடுத்ததை அந்தத் தெரு பார்த்ததே இல்லை. ஷட்டருக்கு அடியில் விளக்கு வெளிச்சம் வேறு கசிந்தது.

"மாஸ்டர்! உள்ளதான் இருக்கீங்களா? உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தான் இருக்கேன்."

"இப்படித்தான் எங்க பெரியப்பாவும் சொன்னாரு. மறுநாள் ஆள் இல்ல. தொறங்க, தொறங்க!"

திறந்தார். மதியத்துக்குள் அவருக்கு நெஞ்சுவலி என்று செய்தி மூன்று தெரு தாண்டியது. நலம் விசாரிக்க வந்தவர்கள் ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தார்கள். கையோடு ஜிப் அறுந்த பையையும் கொண்டுவந்தார்கள். "அவசரமில்ல மாஸ்டர், உடம்பு தேறினதும் பாருங்க. நாளைக்குக் கிடைச்சாப் போதும்," என்றார்கள்.

இந்தக் கதையைக் கேட்டு மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான். மனைவியின் தம்பி. பஸ் கண்டக்டர். அவன் பின்படியில் நின்று குரல் கொடுத்தால் முன்படியில் தூங்குகிறவர் எழுந்து இறங்கிவிடுவார்.

"மாமா, உங்களுக்குத் தொழில் தெரியும். ஆசையும் இருக்கு. இல்லாதது என்ன தெரியுமா? பயம்."

"யார்கிட்ட?"

"கஸ்டமர்கிட்ட. எங்கக்கா கஸ்டமர் இல்ல, அதனால கேக்க மாட்டா. இனிமே அந்தக் கோட்டுக்கு நான்தான் கஸ்டமர். தினம் வந்து சத்தம் போடறேன், பாருங்க."

"அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்னு சொல்லுவாங்க, மாப்ள."

"மச்சான் அடியையும் சேத்தே குடுத்து உதவுவான்."

மறுநாள் பெஞ்சில் நாலைந்து பேர் காத்திருந்தபோது அவன் வந்தான்.

"யோவ் மாஸ்டர்! எங்கய்யா என் வீட்டுக் கோட்டு? ஒண்ணாந் தேதி வேணும்னு எத்தனை தடவை சொல்றது? இது தையக்கடையா, துணி போட்டு வைக்கிற குடோனா?"

நாடகம் என்று தெரிந்தும் தையல்காரர் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். "இதோ சார், இப்பவே சார்," என்று வாய் குழறியது. கைகள் தாமாகவே கீழ்த்தட்டுக்குப் போய் நீலத் துணியை எடுத்தன. டேப் நீண்டது, சாக்பீஸ் கோடு இழுத்தது. பொய்யான கத்தலுக்குக் கத்தரி மெய்யாகவே நடந்தது. அன்று மாலைக்குள் முன்பக்கம், பின்பக்கம், கைகள், காலர் எல்லாம் வெட்டி முடிந்தன. மச்சினனை மனதுக்குள் வாழ்த்தினார்.

ஆனால் பெஞ்சில் இருந்தவர்களுக்கும் கண் இருந்தது.

"பாத்தீங்களா? நாம மரியாதையா உக்காந்திருக்கோம். கத்தினவனுக்கு வேலை நடக்குது," என்றார் ஒருவர்.

"இந்தக் கடையில அதுதான் முறை போலிருக்கு," என்றார் இன்னொருவர்.

மறுநாள் கடை சந்தையாகிவிட்டது. இத்தனை காலம் "முடிஞ்சப்ப குடுங்க மாஸ்டர்" என்று சொல்லி வந்த பாங்க் குமாஸ்தா மேசையைத் தட்டினார். பல் டாக்டர் வாயைத் திறந்தார். கடையை விட்டு இறங்கும்போது மட்டும் எல்லோரும் பழையபடி, "தப்பா எடுத்துக்காதீங்க," என்று கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள்.

இரண்டாம் முறை கத்த வந்த மச்சினன் வாசலோடு நின்றுவிட்டான். "மாமா, இந்தக் கூட்டத்துல என் குரல் எடுபடாது. எங்க பஸ்ஸே பரவால்ல," என்று சைகை காட்டிவிட்டுக் கிளம்பினான்.

நீலத் துணி மறுபடி கீழே இறங்கியது. முன்பு முழுசாக இறங்கும், இப்போது துண்டு துண்டாக இறங்கியது.

அந்த அமளியில்தான் ஓர் அம்மாள் வந்தார். நூலகத்தில் வேலை. உயரமாக, ஒல்லியாக, மூக்குக்கண்ணாடியோடு வந்தவர், கூட்டம் சற்றுக் குறையும்வரை காத்திருந்து அருகே வந்தார்.

"மன்னிச்சுக்கோங்க. நான் இப்ப கொஞ்சம் கத்தப் போறேன்."

"எதுக்குங்கம்மா?"

"கத்தினாத்தான் சீக்கிரம் தைச்சுக் குடுப்பீங்கன்னு சொன்னாங்க. எனக்குப் பழக்கமில்ல. நான் மத்தவங்களைச் சத்தம் போடாதீங்கன்னு சொல்லியே காலத்தை ஓட்டினவ." கண்ணை மூடிக்கொண்டார். "எனக்கு ஒரு கோட்டு உடனே வேணும்! இல்லைன்னா... இல்லைன்னா நல்லா இருக்காது!"

பக்கத்தில் நின்றவருக்கே சரியாகக் கேட்டிருக்காது. கத்தி முடித்ததும் அவருக்கு மூச்சு வாங்கியது. தையல்காரர் அவசரமாக நாற்காலியை நகர்த்திப் போட்டு, தண்ணீர் கொடுத்தார்.

சாம்பல் நிறக் கம்பளி. அளவுக்கு ஒரு பழைய கோட்டு. எடுத்துப் பிடித்துப் பார்த்தால் அதன் கை அந்த அம்மாளின் மணிக்கட்டுக்கே எட்டாது.

"இது உங்க அளவு இல்லையேம்மா?"

"எனக்கில்ல. வேண்டிய பொண்ணு ஒருத்தி. ரொம்ப நாளா ஏமாந்து போயிருக்கா, பாவம்."

அந்த 'பாவம்' அவர் நெஞ்சில் ஊசி மாதிரி இறங்கியது. வேறு எந்த வேலையையும் தொடாமல் அந்தக் கோட்டை எடுத்து வைத்துக்கொண்டார். காலர் விறைப்பாக நிற்க இரட்டைக் கேன்வாஸ் கொடுத்தார். பொத்தான் துளைக்குக் காஜாவைக் கையாலேயே போட்டார். யாரோ குளிரில் நிற்கிற பெண், கை சில்லிடுமே என்று உள்ளே ஒரு பையும் வைத்தார். பிறருக்கென்று செய்கிற வேலைக்கு ஆண்டவன் ஒரு தனி வேகத்தை வைத்திருக்கிறான். சொன்ன நாளைக்கு முன்பே கோட்டு முடிந்தது. அந்த அம்மாள் அதைத் தடவிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அவர் போனபின் தையல்காரருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. முகம் தெரியாதவளுக்குப் பை வைத்துத் தைத்தாயிற்று. கூடவே இருந்து இருமுகிறவளுக்குத் துண்டுத் துணி. ஒன்றாம் தேதியோ வாசல்படிக்கு வந்துவிட்டது.

"எதிர்க்கடையில குடுத்துடலாம், மாமா," என்றான் மச்சினன்.

எதிர்க்கடைக்காரரும் தையல்காரர்தான். தெருவுக்கு அந்தப் பக்கம் கடை போட்ட நாளிலிருந்து இவரோடு பேச்சில்லை. இரண்டு மெஷின்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு ஓடும். ஓட்டுகிறவர்கள் மட்டும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

"என் கை வெட்டினதை அந்தாள் கை தைக்கறதா? அதுவும் என் பொண்டாட்டிக்கு?"

"யார் கைன்னு குளிருக்குத் தெரியாது, மாமா."

துண்டுகளை ஒரு பையில் போட்டு மச்சினன் கொண்டுபோனான். தன் வீட்டுக் கோட்டு என்றே சொன்னான். திரும்பி வந்து, "உங்களைக் கொஞ்சம் திட்டினாரு," என்று தெரிவித்தான். "'அந்தக் கடையிலேர்ந்து பிடுங்கிட்டு வந்துட்டீங்களா? நல்ல காரியம் பண்ணீங்க. வெட்டு மட்டும் சுத்தமா இருக்கு. ரெண்டே நாள்ல தரேன்'ன்னாரு. நான் கத்தக்கூட இல்ல, மாமா."

சொன்னபடி கோட்டு வந்தது. ஒன்றாம் தேதிக்கு முந்தின நாள் மாலை, மனைவி அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். தோள் சரியாக உட்கார்ந்தது. பொத்தானைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள்.

"இத்தனை வேலைக்கு நடுவுல எப்பங்க தைச்சீங்க? உங்க கைன்னா கைதான்."

தையல்காரர் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். அவருக்குப் பொய் செரிக்காது, சிறு வயதிலிருந்தே அப்படித்தான்.

"வெட்டினது மட்டுந்தான் நான்," என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். காலையில் கூடிய கூட்டம், ஆரஞ்சுப் பழம், கத்தல், எதிர்க்கடை, ஒன்றையும் மறைக்கவில்லை.

அவள் பொத்தானில் கை வைத்தபடியே கேட்டு முடித்தாள். பிறகு சிரித்தாள். இருமல் வந்து மறிக்கும்வரை சிரித்தாள்.

"சரி, அவருக்கு யாரு நன்றி சொல்றது?"

"மாப்ள கூலி குடுத்துட்டான்."

"கூலி வேற, நன்றி வேற. நான் குளிராம நிக்கப் போறது அந்த மனுஷன் புண்ணியத்துல. நீங்க இன்னும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு உக்காந்திருப்பீங்களா? போய் உண்மையைச் சொல்லிட்டு வாங்க."

கடை மூடும் நேரம். தையல்காரர் தெருவைக் கடந்தார். பத்தடி அகலத் தெரு அன்று ஆறு மாதிரி விரிந்து கிடந்தது.

அவரைக் கண்டதும் எதிர்க்கடைக்காரர் சட்டென்று எழுந்தார். மடியிலிருந்த பாபின் உருண்டோடியது. முகத்தில் திருடன் கையும் களவுமாகப் பிடிபட்ட கலக்கம்.

'என்னைப் பார்த்து இவர் ஏன் பயப்படுகிறார்?' என்று தையல்காரர் நினைத்தார். சண்டைக்கு வந்ததாக எண்ணிவிட்டாரோ என்று இரண்டு கைகளையும் குவித்தார்.

"ஐயா, நான் மன்னிப்புக் கேக்க வந்தேன். கண்டக்டர் ஒருத்தர் நீலக் கோட்டு குடுத்தாரே, அது அவர் வீட்டுது இல்ல. என் வீட்டுக்காரியோடது. ஊருக்கெல்லாம் தைக்கிறேன், அவளுக்கு மட்டும் என் கை ஓடல. நீங்க தைச்சது பிரமாதமா இருக்கு. நீங்க எவ்வளவு வேணா சிரிச்சுக்கலாம்."

எதிர்க்கடைக்காரர் சிரிக்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு, தன் துண்டாலேயே தட்டிவிட்டார்.

"உக்காருங்க அண்ணே," என்றார் தலையைக் குனிந்தபடி. "உங்க கடையில கத்தத் தெரியாம கத்தினாங்களே ஒரு லைப்ரரி அம்மா, அவங்க என் கூடப்பிறந்த அக்கா. அந்தச் சாம்பல் கோட்டு என் வீட்டுக்காரியோடது."